கோட்டைக்குள் மட்டும் செல்லும் வார்த்தை

அந்தக் கடலோர ஊருக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில்தான் பார்ப்பார்கள். முதலில் கலங்கரை விளக்கம். மூச்சு வாங்க ஏறி, மேலே நின்று படம் எடுத்துக்கொண்டு, கால் நடுங்க இறங்குவார்கள். அடுத்தது கவர்னர் மாளிகை. கயிறு கட்டி மறித்த கட்டில், யாரும் உட்காரக் கூடாத நாற்காலி, சாப்பிட ஆளில்லாத நீள மேஜை, அவ்வளவுதான் அங்கே. அப்புறம் வெள்ளைக்காரர்களின் கல்லறைத் தோட்டம். மீசை முளைக்கும் வயதில் காய்ச்சல் கண்டு செத்த சிப்பாய்களின் பெயர்களைப் படித்து "அய்யோ பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு, நேரே சாப்பிடப் போவார்கள். சாப்பிட்ட களைப்போடு பிற்பகலில் கோட்டைக்குள் நுழைவார்கள். கோட்டையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கேதான் ஒரு மனிதனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பார்கள்.

நான் சொல்ல வந்தது அந்த மனிதனைப் பற்றி.

பெற்றவர்கள் நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஊருக்கு அவன் அடிவாங்கி. டீக்கடையில் நுழைந்தால் "வா அடிவாங்கி, இன்னைக்கு நல்ல வசூலா?" என்பார்கள். முடிவெட்டுகிறவன் கத்திரியை ஓரமாக வைத்துவிட்டு, "சட்டையத் தூக்கு, ஒரு தடவ பாத்துக்கறேன்" என்பான். இவனும் சிரித்துக்கொண்டே தூக்கிக் காட்டுவான். முதுகில் ஒன்றும் இருக்காது. விலா எலும்புக்குக் கீழே மட்டும் ஒரு பழைய தழும்பு, தூண்டில் முள் மாதிரி நுனியில் வளைந்து இருக்கும். அதன் கதை பின்னால் வருகிறது.

கோட்டை முற்றத்தின் நடுவில் பழைய மரக்கம்பம். வெள்ளைக்காரன் காலத்தில் அதில் கட்டித்தான் கைதிகளை அடித்தார்களாம். இருக்கலாம், கப்பல் கட்டிய கம்பமாகவும் இருக்கலாம், கேட்கத்தான் யாரும் உயிரோடு இல்லை. அதில் அடிவாங்கியைக் கட்டுவார்கள். கைடு மைக்கைப் பிடித்துக்கொண்டு கதை விடுவான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தால் அடிவாங்கி கப்பல் தலைவனை எதிர்த்து நின்ற வீரன். புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்தால் கப்பல் தலைவன் மகளைக் காதலித்தவன். வயதானவர்கள் வந்தால் பசிக்கு ரொட்டி திருடிய பாவப்பட்டவன். கைடுக்குச் சரித்திரம் பிசைந்து வைத்த மாவு. யாருக்கு எந்த வடிவம் வேண்டுமோ அந்த வடிவத்தில் உருட்டிக் கொடுப்பான்.

அடிக்கிறவனுக்கு ஊர் வைத்த பெயர் சாட்டை. சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், முழங்கால் வரை பூட்ஸ். நல்ல உயரம். தோலைப் பின்னிச் செய்த சாட்டை, அதன் நுனியில் பருத்தி நூலில் ஒரு குஞ்சம். குஞ்சத்தைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்திருப்பார்கள். சூட்சுமமே அந்தக் குஞ்சத்தில்தான். கைதியின் தோளுக்குப் பக்கத்தில் கம்பத்தோடு ஒரு பலகை அடித்திருக்கும். தோல் அந்தப் பலகையில் சுளீர் என்று விழும், முற்றமே அதிரும். குஞ்சம் மட்டும் அடிவாங்கியின் முதுகைத் தொட்டு, சாயத்தை இழுகிவிட்டுப் போகும். ஒவ்வொரு அடிக்கும் கைடு எண்ணுவான், கூட்டமும் கூடச் சேர்ந்து எண்ணும். பன்னிரண்டாவது அடியில் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவந்து, தலை தொங்கிப்போகும். பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு விரல் சந்து வழியாகப் பார்ப்பார்கள். ஆண்கள் பொத்தாமலே பார்ப்பார்கள். அப்புறம் எல்லோரும் வரிசையில் வந்து அவனோடு படம் எடுத்துக்கொள்வார்கள்.

சொல்வதற்குச் சுலபம். சாட்டை ஒரு விரற்கடை தப்பினால் தோல் பலகையை விட்டு விலாவைச் சுற்றிக்கொள்ளும். ஆரம்பக் காலத்தில் ஒரு நாள் குஞ்சம் கழன்று விழுந்து, அடியும் அப்படித் தப்பியது. அடிவாங்கி "நிறுத்துங்க" என்று அலறினான். கூட்டம் கை தட்டியது. "ஐயா விட்டுடுங்க" என்றான். இன்னும் பலமாகத் தட்டியது. "அம்மா", "தண்ணி", "கடவுளே" எதைச் சொன்னாலும் அது வசனம். கெஞ்சுவதற்கு இருக்கிற வார்த்தைகளை எல்லாம் கைடு முன்பே எழுதி வைத்துவிட்டான், நிஜமாகக் கெஞ்ச ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. மூச்சு முட்டியபோது தன்னையறியாமல் "மச்சான்" என்று முனகினான். அப்போது அவர்கள் உறவுக்காரர்கள் இல்லை, டீக்கடைப் பழக்கத்தில் ஒருவரையொருவர் கூப்பிடுவதுதான். ஓங்கிய கை அப்படியே காற்றில் நின்றது. மிச்ச அடி எல்லாம் பூப்போலப் பலகையில் விழுந்தன.

அன்றைக்கு அந்த வார்த்தை அவர்களுக்குள் சட்டமாகிவிட்டது. யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். கையில் சுளுக்கு என்றாலும், கண்ணில் தூசி விழுந்தது என்றாலும், "மச்சான்" போதும். எந்த வெள்ளைக்காரன் காலத்துக் கைதி காவல்காரனை மச்சான் என்று கூப்பிட்டிருப்பான்? வசனத்தில் வர வாய்ப்பே இல்லாத வார்த்தை. அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஒரு காயமும் இல்லாமல் ஓட்டினார்கள்.

இப்போது அடிவாங்கி செய்த தப்பைச் சொல்கிறேன்.

அவனுக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாமே இவன்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டு அனுப்பியதுகூட இவன்தான், கோணல்மாணலாக. அவளுக்கு வரன் தேடும்போது நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவன் படித்தவன், ஒருவன் சொந்தக் கடை வைத்திருந்தவன். எல்லோரையும் தள்ளிவிட்டு இவன் சாட்டைக்கே தங்கையைக் கொடுத்தான். கோட்டையில் டிக்கெட் கொடுக்கிற அக்கா வாய்விட்டே கேட்டாள்.

"வேற ஆளே கிடைக்கலயா தம்பி? அவன்கிட்ட அப்படி என்னத்தக் கண்ட?"

"அவன் கை சொன்னா நிக்கும்க்கா. எத்தனை பேருக்கு அப்படி நிக்கும்?"

கேட்கிறபோது நியாயமாகத்தான் இருக்கிறது. கையில் சாட்டை, எதிரே முதுகு, சுற்றிலும் அடி அடி என்று எண்ணுகிற கூட்டம், அப்போதுகூட ஒரு வார்த்தைக்கு நிற்கிற கை வீட்டில் ஏன் ஓங்கப்போகிறது என்று அவன் நினைத்தான். வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. தினமும் அந்தக் கையின் கீழ் நின்றவனுக்குத்தான் வரும். வாய் நிறைய மச்சான் மச்சான் என்று கூப்பிட்டு வந்தவன், அன்றிலிருந்து நிஜமாகவே மச்சான் ஆனான்.

சாட்டை தினமும் வேலை முடிந்ததும் சாட்டையை வீட்டுக்கு எடுத்துப் போவான். "எண்ணெய் போடணும், இல்லன்னா தோல் வெடிச்சிடும்" என்பான். தொழிலில் எவ்வளவு அக்கறை என்று அடிவாங்கிக்கு உச்சி குளிர்ந்து போகும்.

ஒரு நாள் தங்கை இரண்டு பேருக்கும் சாப்பாடு கொண்டுவந்தாள். காவலர் அறைத் திண்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டிக்கெட் அக்காவும் இருந்தாள். பேச்சு எங்கெங்கோ போய் அடி வாங்குவதில் வந்து நின்றது. தங்கை கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"உனக்காவது பன்னெண்டோட முடியுதுண்ணா. எங்க வீட்டு ரிகர்சல் முடியறதே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அடிவாங்கிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அக்கா தலையில் தட்டினாள். சாட்டையும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பெண்டாட்டியின் தோளில் கை வைத்தான். அவள் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்து உருண்டது. அதற்கும் சிரித்தார்கள். பாவிகள், கண்ணை எங்கே வைத்திருந்தார்களோ.

உண்மை தெரிந்தது கோட்டை மதிலின் மேல். விடுமுறைக் கூட்டம் ஓய்ந்த ஒரு நாள், தங்கை அண்ணனைப் பார்க்க வந்து பீரங்கிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது, அவள் மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை போட்டிருந்தாள். கடல்காற்று முடியைத் தூக்கியது. பின்கழுத்தில் ஒரு தடிப்பு. இன்னும் ஈரம் காயாத தடிப்பு. அதன் நுனி இடது பக்கமாக வளைந்து முடிந்திருந்தது.

விழுந்தேன், சுட்டுக்கொண்டேன் என்று அவள் வேறு யாரிடம் வேண்டுமானாலும் கதை சொல்லியிருக்கலாம். இவனிடம் முடியாது. அடிக்கிற கையின் மணிக்கட்டு கடைசியில் லேசாகத் திரும்பும், அதனால் தோலின் நுனி இடது பக்கம் கொக்கி போடும். குஞ்சம் இருந்தால் கொக்கி விழாது. குஞ்சத்தைக் கழற்றிவிட்டு அடித்தால்தான் விழும். அதே கொக்கி இவன் விலாவில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கையெழுத்து.

அவன் அவள் சட்டைக் கையை மேலே ஏற்றினான். அவள் தடுக்கவில்லை. முழங்கை வரை பழையதும் புதியதுமாக இருந்தது. ஒரு விரல் உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நீ சிரிச்ச."

அவள் தொடர்ந்தாள், கடலைப் பார்த்துக்கொண்டு.

"மச்சான்னு சொன்னா அவன் கை நிக்கும்னு கல்யாணத்துக்கு முன்னால எத்தனை தடவ சொல்லியிருப்ப. ஒரு நாள் தாங்க முடியாம அதையே சொல்லிக் கத்தினேன். மச்சான், மச்சான்னு. அவரு நிறுத்தினாரு. நிறுத்திட்டுச் சிரிச்சாரு. அது கோட்டைக்குள்ள மட்டும்தான் செல்லும்னாரு. அப்புறம் மறுபடி ஆரம்பிச்சாரு."

அடிவாங்கி பீரங்கியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். வெயிலில் காய்ந்த இரும்பு கன்னத்தைச் சுட்டது. எடுக்கவில்லை.

"வீட்ட விட்டுப் போனா வெட்டிடுவேன்னு சொல்லியிருக்காருண்ணா. போன வாரம் கத்திய எடுத்துக் கழுத்துல வச்சுக் காட்டினாரு, எங்க வெட்டுவேன்னு."

அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். போகாமல் இல்லை. அங்கே இருந்த ஏட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஏம்ப்பா, தினமும் ஊரே பாக்க உன்ன அடிக்கிறான். நீயே ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுத்ததில்ல. பொண்டாட்டிய ரெண்டு தட்டினதுக்கு வந்துட்டியா? போ போ, குடும்பம்னா ஆயிரம் இருக்கும்."

அந்த நகைச்சுவை அவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவன் வாசல் தாண்டும்வரை சிரிப்புச் சத்தம் கேட்டது.

கடைசியில் டிக்கெட் அக்காதான் வழி சொன்னாள். வேறொரு ஊரில் அவளுடைய கூடப்பிறந்தவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். அறை இருக்கிறது, வேலையும் வாங்கித் தரலாம். சாட்டை காலையில் வீட்டிலேயே கிடப்பான், ராத்திரியும் அங்கேதான். அவன் நிச்சயமாக வீட்டில் இல்லாத ஒரே நேரம் கோட்டைக் காட்சி நேரம். அந்த நேரத்தை ஒட்டித்தான் வெளியூர் பஸ்ஸும் கிளம்புகிறது. பஸ் நிலையம் கோட்டை வாசலிலிருந்து கூப்பிடு தூரம். பஸ் கிளம்பிவிட்டால் கோட்டை மதிலை ஒட்டிய கடற்கரைச் சாலையில் ஏறி, பாலத்தைத் தாண்டிப் போய்விடும். அதுவரை அவன் முற்றத்தை விட்டு நகரக் கூடாது.

"எந்த ஊருன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்கக்கா" என்றான் அடிவாங்கி.

"ஏன் தம்பி, என்மேல நம்பிக்கை இல்லயா?"

"என்மேலதான் இல்ல. அடி வாங்கப்போறது நான். வாய் எப்பத் திறக்கும்னு எனக்கே தெரியாது."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். கலங்கரை விளக்கம் பார்த்து, கவர்னர் கட்டில் பார்த்து, கல்லறை பார்த்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, இருநூறு முந்நூறு பேர் கம்பத்தைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். தோளில் குழந்தை, கையில் ஐஸ்கிரீம். சாட்டை காவலர் அறையிலிருந்து சிவப்புக் கோட்டில் வந்தான். அடிவாங்கியைக் கம்பத்தோடு சேர்த்து மணிக்கட்டைக் கட்டினான். வழக்கமாக ஒரு இழுப்பில் அவிழ்கிற சுருக்குத்தான் போடுவான். அன்றைக்குப் போட்டது முடிச்சு. எலும்பு வரை இறங்கியது.

காதோரம் வாயை வைத்தான்.

"பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணா. வீடு பூட்டிக் கிடக்காம். எங்க அவ?"

"எனக்கென்ன தெரியும்? கடைக்குப் போயிருப்பா."

"அவ துணிமணி இல்லயாம், ஜன்னல் வழியா பாத்தாளாம். எங்கடா?"

அடிவாங்கி தலையைத் திருப்பிப் பார்த்தான். சாட்டையின் நுனியில் குஞ்சம் இல்லை.

எதிரே மதிலில் பீரங்கி வைக்கிற சந்து ஒன்று. அதன் வழியாகக் கடற்கரைச் சாலை ஒரு துண்டு தெரியும். காலியாகக் கிடந்தது. அந்த பஸ் என்றைக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது? கண்டக்டர் டீ குடிக்க வேண்டும், மேலே மூட்டை ஏற்ற வேண்டும், ஜன்னல் சீட்டுக்கு இரண்டு பேர் சண்டை போட வேண்டும். தங்கை உள்ளே எங்கோ முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதல் அடி விழுந்தது. பலகையில் இல்லை. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோல் பிளந்த இடத்தில் காற்று பட்டது தெரிந்தது. கூட்டம் மகிழ்ச்சியாக "ஒண்ணு" என்றது.

இரண்டாவது அடி அதன் மேலேயே விழுந்தது. அவன் பல்லைக் கடித்தான், நாக்கு நடுவில் மாட்டி வாயில் ரத்தம் சுரந்தது. நாக்கில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டது. வருஷக்கணக்கான பழக்கம், தானாக வருகிறது. அதைச் சொன்னால் ஒருவேளை கை நிற்கும். கை நின்றால் சாட்டையைப் போட்டுவிட்டு அவன் நேரே பஸ் நிலையத்துக்கு ஓடுவான். அப்புறம் அவள் கழுத்து. அடிவாங்கி வார்த்தையை எச்சிலோடு விழுங்கினான்.

இன்னொன்றும் அவனுக்கு உறைத்தது. பேசாமல் நின்றால் கைடுக்குச் சந்தேகம் வரும். கைடு காட்சியை நிறுத்திவிடுவான். ஆகவே நிஜ வலியை வைத்துக்கொண்டு பொய் வலியைப் போல நடிக்க வேண்டும். உலகத்தில் எவனுக்கும் வராத சோதனை. அவன் தொண்டையைத் திறந்து எழுதி வைத்த வசனத்தையே கத்தினான்.

"ஐயா, துரை, விட்டுடுங்க துரை."

கை தட்டல் காதைப் பிளந்தது. "இன்னைக்கு நல்லா பண்றான்பா" என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

சாட்டை அடித்துக்கொண்டே பேசினான், பல்லுக்கிடையில். "சொல்லு. அந்த வார்த்தையச் சொல்லு. விட்டுடறேன். சொல்லுடா." சுளீர். "அவளத் தேடிப் பிடிச்சு உன் கண்ணு முன்னாலயே வெட்டுவேன்." சுளீர். விலாவைச் சுற்றிக்கொண்டு பழைய தழும்பின் மேலேயே கொக்கி விழுந்தது. சதை பிய்ந்து வந்தது. சட்டை கிழிந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. கால் வழியாகச் சூடாக ஏதோ இறங்கியது, ரத்தமா மூத்திரமா என்று அவனுக்கே தெரியவில்லை.

டிக்கெட் ஜன்னலில் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். வாயைப் பொத்தியிருந்தாள். குஞ்சம் இல்லாததை அவள் பார்த்துவிட்டாள். வெளியே ஓடிவரக் கதவைத் திறந்தாள். அடிவாங்கி அவளைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். வேண்டாம். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அன்றைக்கு அவள் நின்ற நிலையை நினைத்தால், அடி வாங்கியவன் அவன் ஒருவன்தானா என்று எனக்குத் தோன்றும்.

பன்னிரண்டு முடிந்தது. தலை தொங்க வேண்டிய நேரம். தொங்கினால் காட்சி முடிந்தது. அடிவாங்கி தலையைத் தொங்கப் போடவில்லை. சாட்டையும் நிறுத்தவில்லை. கைடு செருமினான், எச்சிலை விழுங்கினான், மைக்கில் "இன்று ஒரு சிறப்புக் காட்சி" என்றான். கூட்டத்துக்கு அது போதும். அது தன் பாட்டுக்கு மேலே எண்ணிக்கொண்டு போயிற்று. போன் எல்லாம் உயர்ந்து நின்றன. எண்ண எண்ண உற்சாகம் ஏறியது. அப்பாமார் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சந்து வழியாகத் தெரிந்த சாலைத் துண்டை மட்டும் பிடித்துக்கொண்டான். ஒரு சைக்கிள் போயிற்று. ஒரு நாய் போயிற்று. மீன் வண்டி ஒன்று நின்று, ஆற அமர யாரிடமோ வழி கேட்டது. கிளம்பித் தொலையேன், உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று வேண்டினான். தோல் கழுத்தில் விழுந்தது. காது மடல் கிழிந்தது. வசனம் தீர்ந்துபோய், பள்ளிக்கூடத்தில் படித்த வாய்ப்பாட்டைக் கத்தினான். கூட்டம் அதற்கும் தட்டியது.

திருப்பத்தில் ஹாரன் கேட்டது. மேலே மூட்டை அடுக்கிய பஸ், ஒரு பக்கம் சாய்ந்து, கரும்புகை விட்டுக்கொண்டு, சந்தின் இடது ஓரத்தில் நுழைந்து வலது ஓரத்தில் மறைந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

அடிவாங்கி சிரித்தான். ரத்தம் வழிகிற பல்லைக் காட்டிச் சிரித்தான். முழங்கால் மடிந்து, கட்டிய மணிக்கட்டில் உடம்பு தொங்கியது.

சாட்டைக்கு அந்தச் சிரிப்பு புரிய நேரமாயிற்று. புரிந்ததும் ஓங்கிய கையோடு திரும்பிச் சந்தைப் பார்த்தான். சாலையில் புகை மட்டும் இருந்தது. சாட்டையைப் போட்டுவிட்டு அடிவாங்கியின் தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான். அவன் குரல் உடைந்துபோயிருந்தது.

"மச்சான். டேய் மச்சான். எந்த ஊருடா? சொல்லுடா மச்சான்."

முற்றத்தில் சத்தம் நின்றது. அதுவரை எண்ணிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அந்த ஒரு வார்த்தை கேட்டதும் ஏதோ பிசகு என்று தெரிந்துவிட்டது. கைடு மைக்கை நழுவவிட்டான், அது தரையில் விழுந்து கீச்சென்று கத்தியது.

"நீதான் சொல்லிட்டியே" என்றான் அடிவாங்கி. "யார் சொன்னாலும் நிறுத்தணும்ல. நிறுத்து."

அவன் நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்து நெரித்தான். சாட்டையின் வாயில் வந்த நுரையை அடிவாங்கி கிட்டத்தில் பார்த்தான். அதற்குள் டிக்கெட் அக்கா, கயிறு அறுக்கிற கத்தியோடு ஓடிவந்துவிட்டாள். எதிரே இருந்த சிவப்புக் கோட்டின் முழங்கையில் கத்தியால் ஒரே கீறல். அப்புறம்தான் கயிற்றை அறுத்தாள். காவலாளிகள் சாட்டையை மண்ணில் அழுத்தி மேலே உட்கார்ந்தார்கள். முகம் புழுதியில் கிடந்தபடி அவன் பெண்டாட்டி பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்தான். ஒரு அம்மா கைடு பக்கத்தில் வந்து, இனி படம் எடுத்துக்கலாமா என்று கேட்டாள்.

அதே ஏட்டுதான் வந்தார். இந்தத் தடவை கண்ணடிக்கவில்லை. நூறு போனில் படம் இருந்தது. நாலு சுவருக்குள் அடித்தால் குடும்பம், நாலு பேர் முன்னால் அடித்தால் கேஸ். அவருடைய சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும் போல. சாட்டையை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் அடிவாங்கி குப்புறக் கிடந்தான். முதுகைத் தைத்துத் துணியால் மூடியிருந்தார்கள். மல்லாக்கப் படுக்க இன்னும் ரொம்ப நாள் ஆகும் என்றார்கள். சாயங்காலம் அக்காவின் போன் அடித்தது. அவள் எழுந்து, போனை அவன் கிழியாத காதில் வைத்துப் பிடித்தாள்.

"அண்ணா, வந்து சேந்துட்டேன். அந்த அக்கா நல்லவங்களா இருக்காங்க. ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குண்ணா."

"நல்லதும்மா."

"அவரு கண்டுபிடிச்சிட்டாரா? உன்ன அடிச்சாரா?"

அவன் கண்ணை மூடினான். தையல் போட்ட இடமெல்லாம் இழுத்துப் பிடித்தது.

"ரெண்டு அடி தப்பி விழுந்துச்சு. மச்சான்னு சொன்னேன். நிறுத்திட்டான்."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுகிற சத்தம் வந்தது, மனசு ஆறினவள் விடுகிற மூச்சு.

"நெசமாத்தான் சொல்லியிருக்காரு அப்போ. கோட்டைக்குள்ளயாவது செல்லுதே."

"ம்" என்றான் அண்ணன்.